வியாசத்துக்குத் தலைப்பு வேண்டுமா?

குமாரபாளையத்துத் தோழர்களை நாம் ஒரு கேள்வி கேட்கிறோம். உங்கள் பிள்ளையின் கட்டுரை நோட்டை என்றைக்காவது புரட்டிப் பார்த்ததுண்டா? இரவு ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அதற்கேது நேரம் என்பீர்கள். நியாயந்தான். ஆனால் புரட்டியிருந்தால் என்ன கண்டிருப்பீர்கள்? ‘காலம் பொன் போன்றது’, ‘நான் சென்ற இன்பச் சுற்றுலா’, ‘நான் பிரதமரானால்’! பவானிப் பாலத்தைத் தாண்டிச் சுற்றுலா என்று எங்கும் போகாத பிள்ளை, நோட்ஸ் புத்தகத்தின் தயவில் ஊட்டிக்குப் போய்ப் படகுச் சவாரி செய்துவிட்டு வருகிறது.

இதைக் கற்பனைத் திறம் என்கிறார்கள் சிலர். பொய் எழுதப் பழக்குவது என்கிறோம் நாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு அனுபவம் கைகொடுக்கிறது. நம் பிள்ளைக்கு மனப்பாடமே கதி. மார்க்கும் அந்தக் கணக்கில்தான் விழுகிறது. பிறகு, “உனக்கு எழுத்து வராது, தறிக்குப் போ” என்று தீர்ப்பு!

சரி, ‘நெசவுத் தொழில்’ என்று தலைப்புக் கொடுத்துவிட்டால் ஆயிற்றா? ஆகாது. அது சமுத்திரம். ‘ஆடையில்லா மனிதன்’ என்று தொடங்கி இராட்டையில் கொண்டுபோய் முடித்துவிடுவான் பையன். போய்ப் பார்த்து, எண்ணி, நாலு பேரைக் கேட்டு விடை காணும்படியான கேள்வியாகத் தலைப்பை நறுக்க வேண்டும். ‘ஒரு லுங்கி நம் வீதியில் எத்தனை கை மாறுகிறது?’ இது தலைப்பு. நூலுக்குச் சாயமேற்றி, பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, தறியேற்றி நெய்து, மடித்துக் கட்டுகிறவரை ஒவ்வொரு கைக்கும் என்ன கூலி என்று விசாரித்து எழுதட்டும்; தமிழும் கணக்கும் பொருளாதாரமும் தாமே வந்து சேரும். ‘முன்பணம் வாங்கிய குடும்பம் ஏன் வேறு பட்டறைக்குப் போக முடிவதில்லை?’ இதுவும் தலைப்புத்தான். ஆனால் எந்த வீடு என்று பெயர் எழுத வேண்டாம். கடன்பட்டவனைச் சந்தியில் நிறுத்திவிடக் கூடாது.

இதெல்லாம் பிள்ளைகளால் ஆகிற காரியமா என்போருக்கு இத்தாலியைக் காட்டுகிறோம். பிளாரன்ஸ் நகருக்கு அப்பால் பார்பியானா என்றொரு மலைக்கிராமம். பள்ளிக்கூடம் பெயிலாக்கித் தள்ளிய ஏழை உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு லொரென்சோ மிலானி என்னும் பாதிரியார் அங்கே பாடம் நடத்தினார். (பாதிரியாரைப் புகழ்கிறோமே என்று தோழர்கள் முகஞ்சுளிக்க வேண்டாம், காரியத்தைப் பாருங்கள்.) அவர்களில் எட்டுப் பேர் கூடி ஓர் ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967-இல் புத்தகமாக வெளிவந்து உலகைச் சுற்றியது. பெயிலாகிறவன் யார் வீட்டுப் பிள்ளை? இதுவே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. புள்ளிவிவரம் திரட்டி, தகப்பன் தொழிலோடு பொருத்திக் காட்டினார்கள். எழுதிய முறையும் கவனிக்கத்தக்கது. தோன்றியதை அவ்வப்போது குறித்துக்கொள்வது; ஒரு சீட்டுக்கு ஒரு விஷயம்; எல்லாச் சீட்டையும் மேஜைமேல் பரப்பி, இரட்டித்ததை நீக்கி, ஒத்ததைச் சேர்த்து வரிசைப்படுத்துவது; எழுதியபின் வேண்டாத சொல்லைக் கூடியிருந்து வெட்டுவது. இழை அறுந்தால் தேடிப் பிணைக்கத் தெரிந்த நம்மவர்களுக்கு இது புரியாத வித்தையா?

விவாதத்துக்கும் இதே விதிதான். ‘விஞ்ஞானம் ஆக்கமா, அழிவா?’ என்று வைத்தால் இரு பக்கமும் கைதட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகும். 1943-இல் சேலத்தில் அண்ணாவும் நாவலர் சோமசுந்தர பாரதியாரும் கம்பராமாயணத்தை வைத்து மோதினார்களே, அது ஏன் இன்னும் பேசப்படுகிறது? கொளுத்தலாமா கூடாதா என்பது கேள்வி, நழுவ இடமில்லை. எதிரே நின்றவரும் கரைகண்ட புலவர்.

சாயத்தண்ணீர் காவிரியில் கலக்கலாகாது என்பதற்கு வெளிப்படையாக மறுப்புச் சொல்வார் யாருமில்லை. ஆகவே அது விவாதமாகாது. சுத்திகரிக்கும் செலவு யார் தலையில்? பட்டறைக்காரரா, துணி வாங்கும் வியாபாரியா, சர்க்காரா? இப்படிக் கேளுங்கள். பட்டறையை மூடினால் அடுப்பெரியாத வீட்டுப் பிள்ளையும், கீழே ஈரோட்டில் அதே ஆற்றுநீரைக் குடிக்கிற வீட்டுப் பிள்ளையும் எதிரெதிரே நின்று பேசட்டும்.

வாத்தியார்களை நாம் குறை கூறவில்லை. பரீட்சை அவர்கள் கையைக் கட்டியிருக்கிறது. நம் படிப்பகங்களின் கையை யார் கட்டியது? ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கேரம் போர்டை ஓரமாகச் சாய்த்துவிட்டு, பிள்ளைகளுக்குச் சீட்டும் பென்சிலும் கொடுங்கள். முதல் வாரம் கேள்விகளை அவர்களே சொல்லட்டும். நம் சங்கத்தைப் பற்றியே சங்கடமான கேள்வி வந்தாலும், தோழர்களே, அதையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.