பாட்டன் ஊருக்குப் பேருந்து போகுமா?

அயர்லாந்தின் தென்கரையில் கோவ் என்றொரு துறைமுக ஊர். வேர் தேடி வரும் சுற்றுலாக் குழுக்கள் இங்கே இறங்காமல் போவது அரிது. வருபவர்களில் பலர் மர்ஃபி, கெல்லி, ஓ'பிரையன் என்று குடும்பப் பெயரிலேயே அயர்லாந்தைச் சுமக்கும் அமெரிக்கர்கள். கடலோரத்தில் இரண்டு தம்பிகளோடு நிற்கும் அன்னி மூரின் சிலை இருக்கிறது. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறந்தபோது முதல் ஆளாகப் பதிவானவர் இந்தப் பெண்தான். 1848 முதல் 1950 வரை நாட்டைவிட்டுப் போன சுமார் 60 லட்சம் பேரில் 25 லட்சம் பேர் கப்பலேறியது இந்தக் கரையில்.

எல்லாம் உருளைக்கிழங்கில் தொடங்கியது. 1845இல் பயிரை நோய் தாக்க, அதையே நம்பியிருந்த ஏழைக் குடியானவர்கள் பசியில் விழுந்தார்கள். சில ஆண்டுகளில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதற்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். ஸ்ட்ரோக்ஸ்டவுனில் உள்ள பஞ்ச அருங்காட்சியகம், நியூ ராஸில் நிற்கும் டன்பிராடி என்ற மாதிரிக் கப்பல், டப்ளினின் 'எபிக்' அருங்காட்சியகம் மூன்றும் இந்தக் கதையை நன்றாகவே சொல்கின்றன.

ஆனால் அது ஊர்க்கதை. தன் வீட்டுக்கதை வேண்டுமென்றால் பேருந்து மட்டும் போதாது.

தாத்தா கார்க் மாவட்டத்துக்காரர் என்று தெரிந்தால் ஆயிற்றா? அயர்லாந்தில் 'டவுன்லேண்ட்' எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகள் 60,000க்கும் மேல். அந்தப் பெயர் கையில் இல்லாவிட்டால் தேடல் திக்குத் தெரியாமல் அலையும். போதாக்குறைக்கு, 1922இல் உள்நாட்டுப் போரின்போது டப்ளின் ஆவணக் காப்பகம் எரிந்து, பல நூற்றாண்டுப் பதிவுகள் சாம்பலாயின. தப்பியவற்றில் 1901, 1911 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளும், கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவேடுகளும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் யார் எந்த நிலத்தில் இருந்தார் என்று சொல்லும் கிரிஃபித் மதிப்பீட்டையும் அங்கேயே பார்க்கலாம்.

பதிவேடு என்ன செய்யும் என்பதற்கு மணிகால் என்ற கிராமம் சாட்சி. அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமாவின் தாய்வழி மூதாதை ஃபால்மவுத் கியர்னி 1850இல் அமெரிக்கா போனவர். அவருடைய ஊர் இந்தக் குட்டிக் கிராமம்தான் என்று தேவாலயப் பதிவேடுகள் காட்டிக்கொடுத்தன. 2011 மே மாதம் அதிபரே வந்து, அங்குள்ள மதுக்கடையில் கின்னஸ் குடித்தார். பிறகு நெடுஞ்சாலையோரம் அவர் பெயரில் ஒரு பெட்ரோல் பங்க்கும் உணவகமும் முளைத்தன. வியாபாரம் என்றால் அப்படித்தான்!

ஆகவே பயணச்சீட்டு எடுக்கும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் ஊர்ப்பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அட்டவணையில் ஒரு நாளாவது தனியே சுற்ற விடும் குழுவையே தேர்ந்தெடுங்கள்.