எது துப்பாக்கி?

அமெரிக்க வீடுகளில் உருவாகும் ரைஃபிள்கள் கோர்ட்டுக்கு வைத்த புதிர்

சுமார் கால் கிலோ எடையுள்ள ஓர் அலுமினியத் துண்டு. உள்ளே வெறும் குடைவுகளும் ஓட்டைகளும்தான். இதைக் கொண்டு ஒரு காக்கையைக் கூட விரட்ட முடியாது. ஆனால் அமெரிக்க மத்திய அரசின் பார்வையில் இதுதான் துப்பாக்கி.

இதன் பெயர் லோயர் ரிசீவர். ஏ.ஆர்.-15 ரக ரைஃபிளில் விசையும் சுத்தியும் உட்காரும் கீழ்ப்பாதி. சீரியல் நம்பர் பொறிக்கப்படுவது இதில்தான். லைசென்ஸ் பெற்ற கடையில் இதை வாங்குபவர் படிவம் நிரப்பி, குற்றப் பின்னணிச் சோதனையில் தேற வேண்டும். குழல், கட்டை, விசை, ஸ்பிரிங் எல்லாம் மத்திய சட்டப்படி உதிரி பாகங்களே. பல மாநிலங்களில் அவை தபால் பார்சலில் வீடு தேடி வந்துவிடும்.

பிறகு சமையலறை மேஜையில் பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு கோர்க்க உட்காருகிறார்கள். முதன்முறை கோர்ப்பவரின் பரம எதிரி, ஊசி போன்ற ஒரு ஸ்பிரிங். விரல் கொஞ்சம் நழுவினாலும் தெறித்து ஓடிவிடும். சோபாவுக்கு அடியில் டார்ச் அடித்துத் தேடியே பாதி நாள் போய்விடும். கிட் வாங்கி டிரான்சிஸ்டர் ரேடியோ செய்த நம்மூர்ப் பையன்களுக்கு இந்தச் சுகம் புரியும். சொந்த உபயோகத்துக்குத் தானே ஒரு துப்பாக்கி செய்துகொள்வதை மத்திய சட்டம் பொதுவாகத் தடுப்பதில்லை.

சிக்கல் வேறு இடத்தில் முளைத்தது. ரிசீவர் முழுமை பெற்றால்தானே துப்பாக்கி? கடைசிக்கட்ட வேலையை மட்டும் பாக்கி வைத்த துண்டுகளை '80 சதவீதம்' என்ற பெயரில் வியாபாரிகள் விற்றார்கள். நம்பர் கிடையாது, சோதனை கிடையாது. மீதி வேலை வாங்கியவர் பாடு. இப்படிப் பிறந்த 'பேய்த் துப்பாக்கி'கள் குற்றம் நடந்த இடங்களிலும் தலைகாட்டின. போலீஸார் கைப்பற்றி மத்திய அரசுக்குத் தெரிவித்தவை 2017-ல் சுமார் 1,600. 2021-ல் 19,000-க்கும் மேல். நம்பர் இல்லாததால், விற்றவர் யார், வாங்கியவர் யார் என்று துப்புத் துலக்கவும் வழியில்லை.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. சுத்தி, போல்ட், சுடும் அமைப்பு ஆகியவற்றைத் தாங்கும் பாகமே ரிசீவர் என்றது பழைய விதி. ஏ.ஆர்.-15-லோ சுத்தி கீழ்ப்பாதியில், போல்ட் மேல்பாதியில். எழுத்துப்படி பார்த்தால் இரண்டு பாதியும் துப்பாக்கி அல்ல! கலிஃபோர்னியாவில் ஒரு வழக்கில் இந்த வாதத்தை நீதிபதி ஏற்கும் நிலை வந்தது. தீர்ப்பு பதிவாகிவிட்டால் நாடு முழுக்க ஆபத்து. 2019-ல் அரசுத் தரப்பு குற்றவாளியோடு சமரசம் செய்துகொண்டு பின்வாங்கியது.

2022-ல் விதி திருத்தப்பட்டது. எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய கிட்டும் துப்பாக்கியே என்றது புதிய விதி. வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் 7-2 என்ற கணக்கில் விதியை ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் பழமைவாதியான நீதிபதி நீல் கோர்சச். முன்பின் பார்த்திராத ஒருவர் ஒரு கைத்துப்பாக்கி கிட்டை 21 நிமிடத்தில் செய்து முடித்த சோதனையை அவர் சுட்டிக்காட்டினார். அரைகுறைத் துண்டுகளில் எதுவரை இந்த விதி செல்லும் என்பதை மட்டும் கோர்ட் திறந்தே விட்டது.

இந்தியச் சட்டத்தில் இந்த வழக்காடலுக்கே இடமில்லை. 1959-ன் ஆயுதச் சட்டம் துப்பாக்கியின் பாகத்தையும், அதைச் செய்யும் இயந்திரத்தையும் கூட துப்பாக்கிக் கணக்கில்தான் சேர்க்கிறது. லைசென்ஸ் இன்றிச் செய்தால், 2019 திருத்தத்துக்குப் பின், குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரை போகலாம்.

ஆனால் பாகங்கள் கசிய சட்டத்தில்தான் சந்து வேண்டும் என்பதில்லை. 18-ம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் ஆயுதச்சாலை அமைத்த ஊர் பீகாரின் முங்கேர். 2018-ல் அங்கே ஏ.கே.-47 ரைஃபிள்கள் அடுத்தடுத்துப் பிடிபட்டன. பாகங்கள் ஜபல்பூர் ராணுவக் கிடங்கிலிருந்து கடத்தப்பட்டவை, கோர்த்துக் கொடுத்தவர் ஆயுதப் பராமரிப்பில் கைதேர்ந்த ஒரு முன்னாள் ராணுவ ஊழியர் என்பது போலீஸ் குற்றச்சாட்டு. சில ரைஃபிள்களைக் கிணற்றுக்குள்ளிருந்து எடுத்தார்கள்.