நிலவேம்பும் சீந்திலும்: ஒரே கஷாயத்தில் இரண்டு திசைகள்

கபசுரக் குடிநீர்ப் பொடியில் 15 சரக்குகள் சேர்கின்றன. சுக்கு, திப்பிலி, இலவங்கம், ஆடாதொடை ஆகியவற்றோடு நிலவேம்பும் சீந்திலும் அதில் உண்டு. கொரோனா பரவிய 2020இல் தமிழக அரசு இதை மக்களுக்கு இலவசமாக வழங்கியது. அதற்கும் முன்பே, டெங்குப் பரவலின்போது 9 சரக்குகள் கொண்ட நிலவேம்புக் குடிநீர் அரசு மருத்துவமனைகளில் கிடைத்தது. வடகிழக்குப் பருவமழை நெருங்கியதும், இவற்றைத் தினமும் குடிக்கலாமா என்று கேட்கும் வாசகர் கடிதங்கள் பெருகிவிடுகின்றன.

‘நோய் எதிர்ப்பு சக்தியைக் கூட்டும்’ என்கின்றன அறிவிப்புகள். எது கூடுகிறது என்று அவை சொல்வதில்லை. வெள்ளணுக்களா, எதிர்ப்பொருளா, அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்களா? கடைசியாகச் சொன்னது அளவுமீறிக் கூடினால் உடலுக்கே கேடு. தீவிரக் கொரோனாவில் நுரையீரல் பழுதானதில் அதற்கும் பங்கு உண்டு.

நிலவேம்பின் கசப்புக்கு முதன்மைக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு. செல்லுக்குள் அழற்சி மரபணுக்களை முடுக்கிவிடும் என்எஃப்-கப்பா-பி என்றொரு புரதம் உண்டு. அதன் பி50 கூறில் 62ஆம் இடத்தில் இருக்கும் சிஸ்டீனோடு இந்தக் கசப்புப் பொருள் பிணைந்துகொள்கிறது. பிணைந்தபின் அந்தப் புரதத்தால் டிஎன்ஏவைப் பற்ற முடிவதில்லை. சைட்டோகைன் உற்பத்தி குறைகிறது. எதிர்ப்பைக் கூட்டுவதாகப் பெயர் வாங்கிய மூலிகை, ஆய்வகத்தில் மிகத் தெளிவாகக் காட்டியிருப்பது எதிர்வினையைத் தணிக்கும் வேலையை! சீந்திலோ நேர்மாறு. அதன் தண்டிலுள்ள பாலிசாக்கரைடுகள் கிருமிகளை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களை உசுப்பிவிடுகின்றன. இரண்டும் ஒரே பானையில் கொதிக்கும்போது எது மேலோங்கும் என்பதற்கு ‘சக்தி கூடும்’ என்ற ஒற்றை வரி விடையாகாது.

அளவும் முக்கியம். 5 கிராம் பொடியை 240 மி.லி. தண்ணீரில் இட்டு 60 மி.லி. ஆகச் சுண்டக் காய்ச்சுவது வழக்கம். ஆண்ட்ரோகிராஃபோலைடு தண்ணீரில் மிகக் குறைவாகவே கரையும்; குடலும் அதில் சிறு பங்கைத்தான் உறிஞ்சும். ஆய்வகத் தட்டில் செல்கள்மீது ஊற்றிய செறிவு ரத்தத்தில் எட்டப்படுகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

உசுப்பிவிடுவதற்கும் விலை உண்டு. சீந்தில் உட்கொண்ட 6 பேருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவுசெய்தனர். மறு ஆண்டு, 13 மருத்துவ மையங்களைச் சேர்ந்த 43 நோயாளிகளின் விவரம் வெளியானது. பலரிடம் உடலின் எதிர்ப்பு மண்டலமே கல்லீரலைத் தாக்கும் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சியின் அறிகுறிகள் தெரிந்தன. ஆயுஷ் அமைச்சகம் இதை மறுத்தது; வேறொரு சீந்தில் இனம் தவறுதலாகச் சேர்ந்திருக்கலாம் என்றது. அப்படியே வைத்துக்கொண்டாலும், கடையில் பொடி வாங்குபவரால் இரண்டையும் பிரித்தறிய முடியாது. 

முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்கள்? சீந்தில் சேர்ந்த எதையும் தவிர்ப்பது நல்லது.

மாற்றுறுப்பு பொருத்தியவர்கள்? மருத்துவர் அனுமதியின்றி வேண்டாம்.

கர்ப்பிணிகள்? நிலவேம்பைத் தவிர்க்க வேண்டும்.

சாதாரண சுக்கு, துளசித் தேநீர்? சமையல் அளவில் பெரும்பாலோருக்குத் தீங்கில்லை; தொண்டைக்கு இதம் தரும்.

காய்ச்சல் வந்தபின் குடித்தால் போதுமா? டெங்குவில் தட்டணு எண்ணிக்கையையும் நீரிழப்பையும் மருத்துவமனையில் கண்காணிப்பதற்கு எந்தக் கஷாயமும் மாற்றல்ல.