வேடன் வில்லும் துப்பாக்கிச் சட்டமும்

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி செல்லும் சாலைக்குக் கிழக்கே, கடலோரத்தில் உள்ளது திருவேட்டக்குடி. அருச்சுனனுக்கு அருள வேடனாய் வந்த சிவபெருமானை இவ்வூர்க் கோயிலில் வில்லேந்திய கோலத்தில் தரிசிக்கலாம். அந்த வில் சட்டத்தின் கண்ணுக்கு ஆயுதமா? விளையாட்டுக் கேள்விதான், ஆயினும் விடை சுவையானது. ஆங்கிலேயர் 1878ஆம் ஆண்டு இயற்றிய ஆயுதச் சட்டம், துப்பாக்கி, வாள், ஈட்டி ஆகியவற்றோடு வில்லையும் அம்பையும் பெயர் சொல்லியே ஆயுதங்களில் சேர்த்தது. ஆனால் அச்சட்டத்தின் ஆணை தரங்கம்பாடியோடு நின்றது. சில கல் தெற்கே காரைக்காலில் நடந்தது பிரெஞ்சு ஆட்சி!

காரைக்கால் 1954 நவம்பர் 1 அன்று இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1962 ஆகஸ்டு 16 அன்று சட்டப்படியும் இணைந்தது. அதே 1962 அக்டோபர் முதல் நாளன்றுதான், பழைய சட்டத்தை நீக்கிய 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று இரு பகுதிகளுக்கும் அதுவே சட்டம்.

தாக்கவோ காக்கவோ என்று அமைக்கப்பட்ட பொருளே ஆயுதம் என்கிறது இச்சட்டம். வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே உரிய பொருள்களும் கைத்தடியும் இதில் அடங்கா. எனவே கதிர் அரிவாளுக்கு உரிமம் கேட்பாரில்லை.

துப்பாக்கிக்கு வருவோம். பார்வைக்கு அச்சந்தருவது கடுமையான வகையைச் சேர்ந்தது என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. விசையை அழுத்திக்கொண்டிருக்கும் வரை குண்டுகள் ஓயாமல் பாயுமா என்று பார்க்கிறது. பாயுமாயின் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம். அடுத்து, என்ன தோட்டா ஏற்கும் என்று பார்க்கிறது. இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். .303 தோட்டாவும் 9 மில்லிமீட்டர் தோட்டாவும் படையினரின் தோட்டாக்கள். அவற்றை ஏற்கும் துப்பாக்கியைச் சாதாரண உரிமத்தில் குடிமகன் பெற முடியாது. படைக் கிடங்கிலிருந்து களவு போகும் தோட்டா வெளியே எந்தத் துப்பாக்கிக்கும் பயன்படலாகாது என்பதே கருத்து. இதனால்தான் அரசுத் தொழிற்சாலைகளே குடிமக்களுக்கென்று .315 ரைபிளையும் .32 ரிவால்வரையும் தனியே செய்தன. நல்ல யோசனை என்றே நான் கருதுகிறேன்.

உழவருக்கு வேண்டியது இவையல்ல. குழலின் வாய்வழியே மருந்து கெட்டித்துச் சுடும் துப்பாக்கியைப் பயிர்க் காவலுக்கென்று உண்மையாகவே கேட்பவரையும், குழல் 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் மரையில்லாத துப்பாக்கியைத் தற்காப்புக்கோ விளையாட்டுக்கோ கேட்பவரையும் சட்டம் சற்றுக் கனிவோடு நடத்துகிறது. தகுந்த தடை இல்லாவிடில் உரிமம் கொடுக்க வேண்டும் என்பது விதி. விலங்கைக் கொல்வது வேறு. அதற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

அந்த 20 அங்குலத்தை மறத்தலாகாது. எடுத்துச் செல்ல எளிதாகட்டும் என்று ஒருவர் குழலை அறுத்துவிட்டால், முறையான உரிமம் பெற்றிருந்த அதே துப்பாக்கி கடுமையான வகைக்குப் போய்விடுகிறது. உரிய உரிமமின்றி அறுத்ததே தனிக் குற்றம். காரணம் எளிது, நீண்ட குழலை மறைக்க இயலாது, குறுகியதை மேலாடைக்குள் மறைக்கலாம்.

2016ஆம் ஆண்டு விதிகள் பழைய விதிகளின் இடத்தைப் பிடித்தபோதும் இவ்வகைப்பாட்டின் அடிப்படை மாறவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தமோ, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. திருமண ஊர்வலங்களில் பிறர் உயிருக்கு ஊறு நேரும்படி வானை நோக்கிச் சுடுவதையும் குற்றமாக்கியது.

பரணில் துருவேறிக் கிடக்கும் பாட்டனார் துப்பாக்கியைப் பற்றி என்னிடம் கேட்போர் உண்டு. "அது சுடாது ஐயா" என்பார்கள். இன்று சுடாதது மட்டும் போதாது; பழுது பார்த்தாலும் சுடாது என்னும் நிலையில் இருந்தால்தான் சட்டம் அதை விட்டுவிடும். கொல்லன் பட்டறையில் ஒரு நாள் வேலையில் உயிர் பெறக்கூடியதாயின் அது துப்பாக்கியே. உரிமம் பெற்றவர் காலமாகியிருந்தால், வாரிசுகள் அதைத் தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படைத்து, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு, பிறகு தம் பெயருக்கு உரிமம் கேட்கலாம்.