ஸ்வீடனில் ஆராய்ச்சிப் பதவி பெறும் வழி

1477-ஆம் ஆண்டில் தோன்றிய உப்சாலாவிலும், 1666-இல் ஸ்தாபிக்கப்பட்ட லுண்டிலும், ஸ்வீடனின் ஏனைய சர்வகலாசாலைகளிலும் முனைவர் பட்டத்துக்காக ஆராய்ச்சி செய்ய விரும்புகிறவர் முதலில் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு: அந்நாட்டில் ஆராய்ச்சி மாணவர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறும் உத்தியோகஸ்தராகவே நியமிக்கப்படுகிறார். எந்த நாட்டுப் பிரஜையாயினும் முனைவர் படிப்புக்கு அவர் கல்விக் கட்டணம் செலுத்த வேண்டுவதில்லை. நான்கு ஆண்டுக் காலம் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்படுவதோடு, வேலை நேரத்தில் 20 சதவீதம் வரை போதனை முதலிய துறைக் கடமைகளை ஏற்பாராயின் அக்காலம் ஐந்தாண்டு வரை நீளும். அண்டை நாடான நார்வேயிலும் இதே முறைதான். அங்கே ஆராய்ச்சிக்கு மூன்று ஆண்டுகள், நான்கில் ஒரு பங்கு கடமை சேர்ந்தால் நான்கு ஆண்டுகள்.

உத்தியோகம் என்றமையால், பதவி காலியாகும்போது அதைப் பகிரங்கமாக விளம்பரம் செய்வதே பொதுவிதி. ஒரு பேராசிரியர் மனமுவந்து விரும்பினாலும் இந்த விதியைக் கடந்து ஒருவரை எளிதில் அமர்த்திக்கொள்ள இயலாது. ஆகவே, ஒரே கடிதத்தை நூறு பேராசிரியர்களுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பதால் அதிகப் பயன் விளையாது. அந்தந்தச் சர்வகலாசாலையின் இணையதளத்தில் உள்ள காலிப் பதவிப் பட்டியலையும், ஐரோப்பிய ஆணையம் நடத்தும் யூராக்ஸஸ் தளத்தையும், நார்வேக்கு ஜாப்நார்கே தளத்தையும் வாரந்தோறும் பார்த்து வருவதே உத்தமமான மார்க்கம்.

முதுகலைப் பட்டமோ அதற்கு ஈடான கல்வியோ இருந்தால் பொதுத் தகுதி கிட்டும்; அதன்பின், இந்த ஆராய்ச்சியை நிறைவேற்றும் ஆற்றல் யாரிடம் உள்ளது என்பதே தேர்வின் அளவுகோல். எனவே விளம்பரத்தில் கேட்டிருக்கும் தகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, அது தம்மிடம் உண்டு என்பதற்கு ஆய்வேட்டிலிருந்தோ, ஆய்வுக்கூட அனுபவத்திலிருந்தோ, பிரசுரமான கட்டுரையிலிருந்தோ ஆதாரம் காட்டி எழுதும் விண்ணப்பம், அடக்கமும் ஆர்வமும் மட்டுமே நிறைந்த விண்ணப்பத்தைவிடப் பன்மடங்கு வலியது. விஞ்ஞானத் துறைகளில் ஆய்வுப்பொருள் பெரும்பாலும் முன்பே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். மொழி, வரலாறு போன்ற துறைகளில் விண்ணப்பதாரரே ஆய்வுத் திட்டம் வரைந்து தருமாறு கேட்பது வழக்கம். முனைவர் பட்டத்துக்குப் பிந்திய ஆராய்ச்சிப் பதவிகளில், பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாதவர்களுக்கே சாதாரணமாக முதலிடம் அளிக்கப்படுகிறது.

இவையனைத்துக்கும் மேலாக, அரசாங்க ஆவணங்களைக் குடிமக்கள் பார்வையிடலாம் என்று 1766-லேயே சட்டம் இயற்றிய நாடு ஸ்வீடன். அரசுச் சர்வகலாசாலைக்கு வந்து சேரும் விண்ணப்பமும் பொது ஆவணமே. பேராசிரியர், விரிவுரையாளர் பதவிகளுக்கு வெளி நிபுணர்கள் எழுதும் மதிப்பீடுகளும் அத்தகையனவே. வேண்டுவோர் அவற்றைக் கேட்டுப் பெற்றுப் படிக்கலாம். ஓரிடத்தில் தேர்வு பெறாதவர், அங்கே எத்தகைய தகுதி எவ்வாறு மதிக்கப்பட்டது என்று கண்டறிந்து அடுத்த விண்ணப்பத்தைச் செப்பனிட இதனினும் சிறந்த துணை வேறில்லை.

இத்தனை வெளிப்படையான முறையில் தரகருக்கு வேலையே கிடையாது. விண்ணப்பிக்கவும் கட்டணம் கிடையாது. ஸ்வீடனில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்லிப் பணம் கேட்பவரிடம் ஒரு காசும் கொடுக்க வேண்டாம். விளம்பரத்தை நீங்களே படியுங்கள், விண்ணப்பத்தை நீங்களே எழுதுங்கள், கடைசித் தேதிக்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.