கிளாஸ்கோவில் ‘மோசமில்லை’ என்றால் பிரமாதம்

கிளாஸ்கோவில் ஒரு தமிழர் நடத்தும் மூலைக்கடையில் பல வருடம் கல்லாவில் நின்றவன் நான். பால், பத்திரிகை, சிகரெட், ‘ஐர்ன் புரு’ சோடா எல்லாவற்றுக்கும் விலை உண்டு. வாடிக்கையாளர்கள் அடிக்கும் நக்கல் மட்டும் இலவசம்.

ஸ்காட்ஸ் பேச்சில் சொல்லை நம்பக் கூடாது, குரலைத்தான் கவனிக்க வேண்டும். ‘ஐ’ என்றால் ஆமாம். ‘ரைட்’ என்றால் சரி. இரண்டையும் சேர்த்து, முதல் சொல்லைக் கொஞ்சம் இழுத்து ‘ஐ, ரைட்’ என்றால் ‘யாரிடம் கதை விடுகிறாய்?’ என்று அர்த்தம். ‘பாக்கியை நாளைக்குத் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் எங்கள் முதலாளியின் பதில் இதுதான். நகரத்தில் 2005-இல் தொடங்கிய புத்தகத் திருவிழாவுக்கும் ‘ஐ ரைட்’ என்றே பெயர் வைத்தார்கள். ‘எழுது’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லும் ‘ரைட்’தானே! இலக்கியத்துக்கு மேடை போடும்போதே அதைக் கிண்டலும் செய்துகொள்ளும் ஊர்.

முதலாளியின் மனைவி செய்த மட்டன் ரோலைத் தின்றுவிட்டு, கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவர், “நோ பேட்” என்றார். மோசமில்லையாம். அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. மறுநாள் அவரே வந்து அரை டஜன் வாங்கிக்கொண்டு போனார். அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது.

என் கால்சட்டை துவைத்துச் சுருங்கிக் கணுக்காலுக்கு மேலே நின்ற நாளில், “உங்க பூனை செத்துப்போச்சா?” என்று துக்கமாக விசாரித்தார்கள். துக்கத்துக்குக் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிடுவார்கள் அல்லவா, என் கால்சட்டையும் அப்படிப் பாதியில் நிற்கிறதாம்! எடின்பரோக்காரர்களைப் பற்றி இன்னொன்று: வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் வாசலிலேயே, “சாப்பிட்டுவிட்டுத்தானே வந்திருப்பீர்கள்?” என்பார்களாம். கஞ்சத்தனத்தை உபசாரமாகப் போர்த்திய வாக்கியம். கிளாஸ்கோக்காரர்கள் இதை அலுக்காமல் சொல்லிச் சிரிப்பார்கள்.

எனக்குப் பிடித்ததும் பிடிக்காததும் ஒரே வாசகம்தான்: ‘ஆ கென்ட் ஹிஸ் ஃபெய்தர்’. ‘அவன் அப்பனையே எனக்குத் தெரியும்.’ யாராவது பேர் வாங்கி, பணம் சேர்த்து, தலை நிமிர்ந்து நடந்தால் ஊர் சொல்லும் விமர்சனம் இது. பெரிய மனுஷத்தனம் காட்டுபவரை ஒரே வரியில் தரைக்கு இறக்கிவிடும். அந்த அளவில் நல்ல மருந்து. ஆனால் தெருவிலிருந்து முதன்முதலாக மருத்துவம் படிக்கப் போகும் பெண்ணுக்கும் அதே மருந்தைத்தான் கொடுப்பார்கள். அது எனக்குச் சம்மதமில்லை.

இது நேற்று முளைத்த குசும்பு அல்ல. 500 வருடங்களுக்கு முன், ஸ்காட்லாந்தின் நான்காம் ஜேம்ஸ் மன்னர் காலத்தில், வில்லியம் டன்பார், வால்டர் கென்னடி என்ற இரு கவிஞர்கள் ஒருவரையொருவர் செய்யுளிலேயே கிழித்துக்கொண்டார்கள். இந்த வசைப்போட்டிக்கு ‘ஃப்ளைட்டிங்’ என்று பெயர். அதே குசும்பு தொலைக்காட்சியிலும் உண்டு: 2002-இல் பிபிசியில் தொடங்கிய ‘ஸ்டில் கேம்’ நகைச்சுவைத் தொடரில் வரும் கடைக்காரர் நவீத், தெற்காசியர். வாயாடும் வாடிக்கையாளர்களுக்கு அவர்கள் பாணியிலேயே திருப்பிக் கொடுப்பார். எங்கள் கடையில் எல்லோருக்கும் அவர்தான் குரு.

நானும் தேறினேன். ஏமாற்றப் பார்க்கிறவரிடம் அந்த ஊரில், “வாழைப்பழக் கப்பல் ஏறி கிளைடு ஆற்றில் வந்து இறங்கினவன் என்று நினைத்தாயா?” என்று கேட்பார்கள், நான் என்ன இளிச்சவாயனா என்று பொருள். செல்லாத கூப்பனை நீட்டிய ஒருவரிடம் அதை நான் சொன்னேன். கடல் தாண்டி வந்தவன் வாயில் அதைக் கேட்டதும் வரிசையே சிரித்தது.

கிளாஸ்கோவுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். முகத்துக்கு நேரே கேலி செய்தால் கவலைப்படாதீர்கள், உங்களைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். ஆனால் இரவில் மதுக்கடை வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் குரலைத் தாழ்த்தி, “என்ன பார்க்கிறாய், பால்?” என்றால், ‘பால்’ என்பது நண்பன் என்றுதானே அகராதியில் இருக்கிறது என்று நின்றுவிடாதீர்கள். நடையைக் கட்டுங்கள்.