பாட்டுப் பாடும் ரூட்டர்

விஞ்ஞானம் நமக்கு அளித்துள்ள சாதனங்களுள் சில, தம் பெயர் சொல்லும் வேலைக்கு மேலாகவும் செய்ய வல்லவை. வீட்டின் மூலையில் விளக்குகள் மினுக்க அமர்ந்திருக்கும் ரூட்டர் அவற்றுள் ஒன்று. கம்பி வழியே வரும் இன்டர்நெட்டை வைஃபையாக வீடெங்கும் பரப்புவதே அதன் தொழில் என்று நாம் எண்ணியிருக்கிறோம். மூடியைத் திறந்தால் உள்ளே இருப்பது என்ன? ஒரு செயலி, சிறிது நினைவகம், வானலைகளை அனுப்பவும் வாங்கவும் ஒரு சில்லு. திரையும் விசைப்பலகையும் இல்லையே தவிர, அது ஒரு முழுக் கணினி! இந்தக் கணினியைப் பாட வைப்பது எவ்வாறு என்று காண்போம்.

கணினி எதுவாயினும் ஆணையின்றி அசையாது. ரூட்டருக்குரிய ஆணைகள், மின்சாரம் நின்றாலும் அழியாத ‘பிளாஷ்’ நினைவகத்தில் எழுதப்பட்டுள்ளன. இதனை ஃபர்ம்வேர் என்பர். இதை எழுதி வைப்பது விற்கும் கம்பெனி. ஆகவே காசு கொடுத்து வாங்குவது நாமாயினும், கம்பெனி நினைத்த வேலையை மட்டுமே பெட்டி செய்யும். இந்நிலை மாறியது ஒரு சுவையான வரலாறு.

2002ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் லிங்க்ஸிஸ் கம்பெனி டபிள்யூ.ஆர்.டி. 54ஜி என்ற ரூட்டரை வெளியிட்டது. மறு ஆண்டு அக்கம்பெனியைச் சிஸ்கோ விலைக்கு வாங்கியது. ரூட்டரின் ஃபர்ம்வேரை ஆராய்ந்த சிலர், அது லினக்ஸைக் கொண்டு அமைக்கப்பட்டிருப்பதைக் கண்டனர். லினக்ஸ், ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது. யாரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ரிச்சர்ட் ஸ்டால்மன் வகுத்த ஜி.பி.எல். என்னும் உரிமத்தின்படி, அதனைச் சேர்த்துப் பொருள் செய்து விற்பவர் அதன் மூல நிரலையும் தர வேண்டும். கேள்விகள் எழுந்த பின்னர், 2003இல் கம்பெனி நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004 ஜனவரியில் ‘ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.’ பிறந்தது. பெயரிலுள்ள மூன்று எழுத்துக்களும் அந்தப் பழைய ரூட்டரின் ஞாபகமே.

இனிப் பாட்டுக்கு வருவோம். இவ்வேலைக்குப் பெயர் பெற்றது டி.பி. லிங்க் கம்பெனியின் டபிள்யூ.ஆர். 703என். உள்ளங்கையில் அடங்கிவிடும். 400 மெகாஹெர்ட்ஸ் செயலி, 32 எம்.பி. நினைவகம், 4 எம்.பி. பிளாஷ், ஒரே ஒரு யு.எஸ்.பி. துளை. ஐந்து வோல்ட் மின்சாரம் போதும். கைபேசியின் சார்ஜரே தாங்கும். இதில் ஸ்பீக்கர் மாட்டும் துளை கிடையாது. ஆகையால் யு.எஸ்.பி. துளையில் மலிவான சவுண்டு கார்டு ஒன்றைச் செருக வேண்டும். எண்களாக வருவதை மின்னலைகளாக மாற்றி ஸ்பீக்கருக்குத் தருவது அதுதான்.

பாடல்களை எங்கே வைப்பது? சாதாரண எம்.பி.3 பாடல் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு எம்.பி. இடம் கேட்கும். ஆகவே 4 எம்.பி. பிளாஷில் ஒரு பாட்டுக்குக்கூட இடமில்லை. பாடல்கள் வேறொரு கணினியில் இருக்கும்; ரூட்டர் அவற்றை வைஃபை வழியே சிறிது சிறிதாக வாங்கி ஒலிக்கும். இதை நடத்தும் மென்பொருளின் பெயர் ‘மியூசிக் பிளேயர் டீமன்’. பெயரைக் கேட்டுச் சிஸ்டர்கள் சிலுவை போட்டுக்கொள்ள வேண்டியதில்லை! கண்ணுக்குத் தெரியாமல் பின்னணியில் ஓடும் நிரலைக் கணினியாளர் அவ்வாறு அழைக்கின்றனர். எந்தப் பாட்டு வேண்டுமென்று கைபேசியிலிருந்தே சொல்லலாம்.

ஒரு கேள்வி எழலாம். எம்.பி.3யை விரிப்பதற்குத் தசமக் கணக்குகள் ஏராளம். அவற்றுக்கான தனி உறுப்பு இத்தகைய மலிவுச் செயலிகளில் இல்லை. பின் எப்படிப் பாடுகிறது? 12 ரூபாய் 75 காசை நாம் 1275 காசு என்று முழு எண்ணாக்கிக் கணக்குப் போடுவதில்லையா? ‘லிப்மேட்’ என்ற நிரல் அவ்வாறே எல்லாவற்றையும் முழு எண்களாகக் கொண்டு முடித்துவிடுகிறது. இந்த உபாயமே நமக்கு எல்லாவற்றிலும் வியப்பாக இருந்தது.

ஆபத்தும் உண்டு. ஃபர்ம்வேர் எழுதப்படும் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் பெட்டி செத்துவிடலாம். ‘செங்கல் ஆகிவிட்டது’ என்பார்கள். சிலவற்றை உயிர்ப்பிக்க வழியுண்டு; சிலவற்றுக்கு இல்லை. அடிப்பாகத்துச் சீட்டில் உள்ள மாடல் எண்ணையும் பதிப்பு எண்ணையும் ஒத்துப் பார்க்காமல் தொடவே கூடாது. மேலும் 4 எம்.பி. பிளாஷ் இன்றைய பதிப்புகளுக்குப் போதாது. பழைய பதிப்பை இட்டால், பெட்டியை வீட்டுக்குள் பாட மட்டும் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. வெளியுலகுக்கு வாசலாக வைக்கலாகாது.

கம்பெனிகள் இதனை எப்போதும் விரும்பின என்று சொல்வதற்கில்லை. 2005இல் 54ஜியின் ஐந்தாம் பதிப்பில் பிளாஷ் 2 எம்.பி.யாகக் குறைக்கப்பட்டு, லினக்ஸும் நீக்கப்பட்டது. லினக்ஸ் வேண்டுவோருக்கு 54ஜி.எல். என்று தனியே விற்றார்கள். மாறாக, 2016 ஆகஸ்டில், அனுமதித்ததைவிட அதிகச் சக்தியில் ஒலிபரப்பக்கூடிய ரூட்டர்களை விற்றதற்காக டி.பி. லிங்க் அமெரிக்க அரசின் தகவல் தொடர்பு ஆணையத்துக்கு 2,00,000 டாலர் கட்டியபோது, பிறர் எழுதிய ஃபர்ம்வேருக்கு இடமளிக்கவும் ஒப்புக்கொண்டது. வாங்கியவரே பொருளுக்கு உடையவர் என்பது நம் கட்சி.

சொந்தப் பாடல்கள் தீர்ந்துவிட்டால் இன்டர்நெட் வானொலிகளையும் இப்பெட்டி வாங்கி ஒலிக்கும். 1931இல் மார்க்கோனி அமைத்துக் கொடுத்த வத்திக்கான் வானொலியின் நிகழ்ச்சிகளும் இன்டர்நெட்டில் கிடைக்கின்றன, தமிழிலும்.